நாலு மூலை மஞ்சள்

போலீஸ்காரர் வனிதாவைத் தேடி வீட்டுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டார். அதுவும் ஐப்பசி முகூர்த்த நெருக்கத்தில், பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்த மூன்று குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

“வனிதா ரெங்கராஜ்ங்கிறது யாருங்க?”

முதலாளி திருமுருகன் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். வனிதா கையிலிருந்த பிளேடை மேசையில் வைத்தாள். வெளியே தூறல். இந்த மாதத்து ஈரக்காற்றில் அட்டை உப்பிப்போகும், வெட்டு நேராக விழாது என்பதால் அவள் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

“புதுக்கோட்டை சைபர் கிரைம்லருந்து சம்மன் வந்திருக்கு. திங்கக்கெழம பதினோரு மணிக்கு ஆதார் அட்டையோட போயிருங்க. இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

போட்டாள். போலீஸ்காரர் போனதும் பெஞ்சில் இருந்தவர்கள் மாதிரிப் புத்தகத்தை மறந்துவிட்டு அவளையே பார்த்தார்கள்.

“என்ன வனிதா, எவனாச்சும் போன் போட்டு ஏமாத்திட்டானா? ஓடிபி கீடிபி சொல்லித் தொலச்சியா?” என்றார் திருமுருகன்.

“ஆமாண்ணே, சொல்லித் தொலச்சேன்.”

அவள் சொன்னது பொய்யில்லை. ஓடிபியைச் சொன்னது மாப்பிள்ளையிடம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அறந்தாங்கியில் அந்த அச்சகத்துக்கு வனிதா வந்து பதினெட்டு வருசம். வெட்டுகிற மிஷின் வந்தும் அவள் மேசை காலியாகவில்லை. பூ வளைவு, கோபுர வளைவு என்று மிஷினுக்குள் போகாத வேலையெல்லாம் அவளிடம்தான் வரும். அதுபோக இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுவைப்பது. வழக்கமாக அதைக் கல்யாண வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து செய்வார்கள். இந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் ஆம்பளைகள் துபாயிலும் கத்தாரிலும் இருக்க, பொம்பளைகள் எதற்கென்று அலைவார்கள்? “மஞ்சளையும் நீங்களே தொட்டுக் கட்டிருங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆயிரம் பத்திரிகை என்றால் நாலாயிரம் மூலை. வனிதாவின் விரல் நகத்தில் மஞ்சள் போகாமல் நின்று வெகுகாலம் ஆகிறது.

மகள் தேவிப்ரியாவை மூன்று வருசத்துக்கு முன்னால் சந்தோஷ்குமாருக்குக் கட்டிக் கொடுத்தாள். துபாயில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு வந்த பையன், இப்போது ஆன்லைன் வியாபாரம் என்றார்கள். என்ன வியாபாரம் என்று அவளும் கேட்கவில்லை, கத்தாரில் லாரி ஓட்டும் புருசன் ரெங்கராஜும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைத் துருவிக் கேட்பது மரியாதையா என்ன?

தலைத்தீபாவளி முடிந்த மூன்றாம் மாதம் அவன் போன் பண்ணினான். “அத்தை, ஒங்க ஆதார், பான் கார்டு ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லுங்க.” எதற்கு என்று கேட்க வாய் வந்தது. “சரிங்க மாப்பிள்ளை” என்றுதான் வெளியே வந்தது.

அட்டைகளை அவன் கொண்டுவந்தது அதற்கும் ஒரு வருசம் கழித்து. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைகள். ஒரு பக்கம் மட்டையும் கையுமாக எந்தத் தேசத்து விளையாட்டுக்காரனோ நிற்பான். மறுபக்கம் அவன் ஆடிய கணக்கு. நம் ஊரில் ஒரு காலத்தில் பபுள்கம்முக்குள் கிரிக்கெட்காரன் படம் வருமே, பிள்ளைகள் சேர்த்துவைத்து அடித்துக்கொள்ளுமே, அதேதான். வெள்ளைக்காரர் அதை அறுபது எழுபது வருசம் பத்திரமாக வைத்திருந்து இன்று ஏலம் போட்டு வாங்குகிறார்களாம்.

“மூலை கூரா இருந்தா ஒரு வெலை அத்தை. மழுங்கியிருந்தா நாய்கூடச் சீந்தாது,” என்றான். “ஒரு முடி அளவு ஓரத்தை வெட்டிவிட்டா மூலை புதுசாயிரும். ஒங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

வேலைதான். எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, பிளேடை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். ரொம்ப மழுங்கிய மூலைக்கு, அதே காலத்து உதவாத அட்டையைச் சுரண்டி, மைதா பசையில் குழைத்து, ஊசி முனையால் மூலை கட்டவேண்டும். கட்டிய மூலை வெளுப்பாகத் தெரியும். பழைய அட்டையோ பால்கோவா நிறம். டீத் தண்ணீர் வைத்துப் பார்த்தாள், கறுத்துப்போனது. ஒரு துளி மஞ்சளைச் சேர்த்தாள். அப்படியே ஒட்டிக்கொண்டது நிறம். தானே தேடினாலும் எது கட்டிய மூலை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோசத்தை ஏன் மறைக்கவேண்டும்? பதினெட்டு வருசத்தில் யாரும் அவள் வேலையை இப்படி உற்றுப் பார்த்து வாங்கியதில்லை.

தப்பென்று தெரியாதா என்றால், தெரியும். “யார்ட்டயும் சொல்லவேணாம் அத்தை” என்று அவன் சொன்ன நாளிலேயே தெரியும். நல்ல காரியத்தை எவன் ஒளித்துச் செய்கிறான்? தெரிந்தும் செய்தாள். பெண்ணைக் கொடுத்த இடம்.

இப்போது பிரியா எட்டு மாதம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தான். போலீஸ் தாள் வந்த வீட்டுக்கு வந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. மீமிசல் மீன்காரர் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்த நண்டில் பெரிதாகப் பார்த்து எடுத்து, மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அவன் உட்கார்ந்ததும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள். எதிரே உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள்.

ரெண்டு வாய் சாப்பிட்டதும் அவன் கேட்டான். “அத்தை, மூலைக்கு நீங்க என்ன கலர் போட்டீங்க?”

“டீத் தண்ணிதாங்க மாப்பிள்ளை.”

“வேற?”

“கொஞ்சூண்டு மஞ்சள்.”

“மஞ்சளா?”

“நம்ம வீட்டு மஞ்சள்தான். கடைச்சரக்கு இல்ல.”

அவன் நண்டுக் கையோடு தலையில் கைவைக்கப் போய், நிறுத்திக்கொண்டான். இடது கையால் போனைத் தடவி அவள் பக்கம் நீட்டினான். இருட்டில் நீல வெளிச்சம் அடித்து எடுத்த படம். அட்டை மங்கலாகக் கிடக்க, நாலு மூலை மட்டும் பச்சையும் மஞ்சளுமாக ஒளி விட்டுக்கொண்டிருந்தது.

“மேனாட்டுல அட்டையைப் பரிசோதிச்சு சர்டிபிகேட் குடுக்கிற கம்பெனி இருக்கு. அங்க இந்த லைட்டை அடிச்சுப் பாத்திருக்கான். கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் இதுல எரியும்போல. ஒருத்தன் அட்டையில வந்துச்சு, அவன் இன்னொருத்தனுக்குச் சொல்ல, வாங்குன பூராப் பேரும் அடிச்சுப் பாத்துட்டான். கிட்டத்தட்ட எல்லாத்துலயும் மூலை எரியுது. எல்லாம் ஒரே ஆளு வித்தது.”

“யாரு வித்தது?”

“நீங்கதான் அத்தை.”

“நானா?” என்றாள் வனிதா.

அவன் போனில் இன்னொன்றையும் காட்டினான். இணைய ஏலக் கடையில் அவள் பேரில் போட்டிருந்த விளம்பரம். பிரியா தமிழில் படித்துச் சொன்னாள். ‘ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்த என் தாத்தா ஆசையாகச் சேர்த்த அட்டைகள். வெட்டாதது, திருத்தாதது. கனத்த மனதோடு விற்கிறேன்.’ வனிதாவின் தாத்தா ஆலங்குடிப் பக்கம் பிறத்தியார் கொல்லையில் கடலை பிடுங்கியே முதுகு வளைந்தவர். ரயிலில் அவர் ஏறியதே ரெண்டு தடவை. அவருக்குப் போய் உத்தியோகமும் கொடுத்து, அட்டையும் சேர்க்க வைத்திருக்கிறார்கள்.

“ஏன் மாப்பிள்ளை ஏம் பேருல போட்டீங்க?”

“ஏம் பேருல இருந்த கணக்கை முன்னாடியே ஏலக்காரன் முடக்கிட்டான். அதான் அத்தை.” சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். “இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப்போகல. நாளைக்கு அங்கிட்டுப் போயி, நானே வாங்குனேன், நானே வித்தேன், தப்புன்னு தெரியாதுன்னு சொல்லிருங்க. வயசான பொம்பளைன்னு விட்டுருவான்.”

வனிதாவுக்கு நாற்பத்து நாலு வயது.

“விடலன்னா?”

“ஜாமீன் எடுத்துருவோம். எம் மேல கேசுன்னா பாஸ்போர்ட்டை முடக்கிருவான் அத்தை. தை மாசம் துபாய்ல வேலைக்குச் சொல்லியிருக்கேன். பொறக்கப் போற பிள்ளைக்கு அப்பன் ஜெயில்லன்னா நல்லாவா இருக்கும்?”

“அம்மா, அவரு சொல்றதைக் கேளும்மா,” என்றாள் பிரியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதுதான் வனிதாவைச் சுட்டது. அவன் அயலான், சொல்லுவான். பெற்ற பிள்ளையுமா? இருந்தும் கை தன் பாட்டுக்கு நண்டைக் கரண்டியில் அள்ளியது. “இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளை. ஓடு கூரா இருக்கும், பாத்து” என்று சொன்னது வாய். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமாட்டான் என்பார்கள். தேளுக்கு இலை போட்டுப் பரிமாறவும் வேண்டியிருந்தது அவளுக்கு.

அவன் கை கழுவிவிட்டு, காலையில் காரோடு வருகிறேன் என்று கிளம்பினான். சற்று நேரத்தில் ரெங்கராஜ் கத்தாரிலிருந்து போன் பண்ணினார். மாப்பிள்ளை அவரிடமும் பேசியிருந்தான்.

“என்னடி செய்யப் போற?”

“நீங்களே சொல்லுங்க.”

அவர் லாரியை ஓரங்கட்டினார். “ஒம் பேரு கெட்டா நான் வேற ஒருத்திகிட்டயா போயிரப்போறேன்? புள்ள பேரு கெட்டுப்போச்சுன்னா அவ எங்க போவா? பாத்துச் சொல்லு.”

எல்லாரும் பார்த்துச் சொல் என்றுதான் சொன்னார்கள். அவளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொல்லையில் துவைகல்லில் நண்டுச் சட்டியைப் போட்டுத் தேய்க்கும்போது பிரியா வந்து பக்கத்தில் நின்றாள். மழை விட்டு முருங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் உள்ளதைச் சொல்லப் போறேன்,” என்றாள் வனிதா. “வெட்டுனது நான், இல்லங்கல. அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். வாங்குனது வித்தது ஒம் புருசன். இல்லாத தாத்தாவைச் சொல்லி ஏமாத்துனவளாவும் என்னால நிக்க முடியாது. பதினெட்டு வருசம் ஒரு பத்திரிகை கோணலா வெட்டுனதில்லடி நான்.”

“வேணாம்மா.”

“அவனுக்கு ரெண்டு மாசமோ ஆறு மாசமோ. வந்துருவான். அதுவரைக்கும் நீ இங்கனயே இரு. ஒன்னையும் பிள்ளையையும் நான் வெச்சுக் காப்பாத்தமாட்டனா?”

“அது இல்லம்மா. ஒனக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

பிரியா வாயைத் திறந்தாள். “ஒண்ணுமில்ல,” என்று சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“புருசன் பாசம். எனக்குத் தெரியாதாக்கும்,” என்று சட்டியைக் கவிழ்த்தாள் வனிதா. அத்தனை கோபத்திலும் அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. ரெங்கராஜ் முதல்முறை விமானம் ஏறினபோது அவள் மூன்று நாள் சோறு தின்னவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் கிளம்பும்போது பிரியா தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எட்டு மாச வயிற்றோடு எதற்கு என்று வனிதா எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. வழியெல்லாம் ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர். சந்தோஷ்குமார் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். அந்தக் கரிசனத்தைப் பார்க்கையில் வனிதாவுக்கு மனசு ஆடியது. இவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு இந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது? பேசாமல் ஒத்துக்கொண்டால் என்ன? வேண்டாம். ஒரு பொய்யைத் தலையில் ஏற்றினால் அது தனியாக வராது. புதுக்கோட்டை வரும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது.

மாப்பிள்ளை எதிரே டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தி அங்கேயே இருந்துகொண்டான். பிரியா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே எஸ்.ஐ. ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னாள். பேர், வயது, வீட்டில் யார் யார், மகள் எங்கே என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். “எட்டு மாசம் மேடம், வெளிப் பெஞ்சிலதான் இருக்கா,” என்றாள் வனிதா.

“மேடம், நான் ஒண்ணு சொல்லணும். இதுல ஏம் பேரு மட்டுந்தான்...”

“சொல்லலாம்மா. மொதல்ல இதைப் பாருங்க.” எஸ்.ஐ. படங்களை மேசையில் பரப்பினாள். “மொத்தம் நாப்பத்தேழு அட்டை. நாப்பத்தொண்ணுல மூலை எரியுது. அதெல்லாம் ஒரே கை வேலை, அவ்வளவு சுத்தமா வெட்டியிருக்குன்னு பரிசோதிச்சவங்களே எழுதியிருக்காங்க. ஆனா இந்த ஆறு வேற. இது மொதமொத வித்தது. இதுல மஞ்சள் இல்ல. வெட்டும் எதிர்ப்பக்கமாச் சாயுது. இடக்கைக்காரங்க வெட்டுனதுன்னு சொல்றாங்க. ரெண்டு அட்டையை அனுப்பியும் வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியுதா?”

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அட்டையை வனிதா கையில் வாங்கினாள்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வெட்டு கீழ் விளிம்புக்கு வரும்போது பிளேடு ஒரு நூல் முன்னதாகவே மேலெழும்பியிருந்தது. மிச்சத்தைக் கையால் கிள்ளி எடுத்திருந்ததால் அந்த இடத்தில் ஒரு பிசிறு. பத்தாம் வகுப்பு லீவில் மகளை அச்சகத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து வெட்டக் கற்றுக்கொடுத்தபோது, ‘கடைசிவரைக்கும் இழுடி, பாதியில எந்திரிக்காத’ என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்! பிரியா பீச்சாங்கைக்காரி. அளவுகோலை அந்தப் பக்கம் வைத்துத்தான் வெட்டுவாள்.

அப்படியானால் முதலில் அவன் உட்காரவைத்தது இவளை. இவளுக்குச் சரியாக வரவில்லை என்றுதான் அம்மாவிடம் வந்திருக்கிறார்கள். ‘ஒனக்குத் தெரியாது’ என்று பிள்ளை நேற்றுத் துவைகல்லடியில் விழுங்கினது இதைத்தான். மாப்பிள்ளை பேரைச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? இவளும் செய்தாள் என்று இழுத்துவிட மாட்டானா? எட்டு மாச வயிற்றோடு இந்த நாற்காலியில் உட்காரவேண்டியது அவளா?

“என்னமோ சொல்லணும்னீங்களே?” என்றாள் எஸ்.ஐ.

“எல்லாம் நாந்தான் மேடம்.”

“இந்த ஆறுமா?”

“அதும் நாந்தான். மொதமொத செஞ்சது. அப்ப மஞ்சள் போடத் தோணல.”

“இடக்கை வெட்டுன்னு சொல்றாங்களே?”

“எனக்கு ரெண்டு கையும் வரும்.”

“வாங்குனது, வித்தது?”

“நான்தான்.”

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய காலண்டர் அட்டை ஒன்றையும், இரும்பு அளவுகோலையும், பிளேடையும் எடுத்து வைத்தாள். “இடக்கையால ஒரு வெட்டு வெட்டிக் காட்டுங்கம்மா.”

வனிதா அளவுகோலை அந்தப் பக்கம் மாற்றி வைத்தாள். வலது கையால் அழுத்திக்கொண்டாள். இடது கையில் பிளேடைப் பிடித்தாள். யாரோ ஒருவரின் கையைக் கடன் வாங்கினதுபோல இருந்தது. மகள் எப்படிப் பிடிப்பாள் என்று நினைத்து நினைத்து விரலை மடக்கினாள். மூச்சை இழுத்துக்கொண்டு பிளேடை இழுத்தாள். பாதி தூரம் வந்தது. அப்புறம் பிளேடு அளவுகோலை விட்டு விலகி அட்டைக்குள் கோணலாக ஓடியது. பதினெட்டு வருசத்தில் முதல் கோணல்.

“ஈரக்காத்து மேடம். அட்டை உப்பியிருக்கு,” என்றாள். “இன்னொருக்கா வெட்டுறேன்.”

“வேணாம்மா, வைங்க.”

எஸ்.ஐ. அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால்கூட வனிதாவுக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

“ஒங்க மக எந்தக் கையில...”

“சோத்தாங்கைதான் மேடம்!”

கேள்வி முடியவில்லை. பதில் வந்துவிட்டது. வந்ததை வனிதா தன் காதாலேயே கேட்டாள்; அந்தச் சின்ன அறையில் அது ரொம்பச் சத்தமாகக் கேட்டது. அதைத் திரும்ப வாங்கி வாய்க்குள் போட்டுக்கொள்ள வழியிருந்தால் அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

எஸ்.ஐ. பேனாவை மூடினாள். கதவருகே நின்ற காவலரைப் பார்த்து, “வெளிய பெஞ்சில ஒரு பொண்ணு இருக்கும். மாசமா இருக்கு, மெதுவாக் கூட்டியாங்க. ஒரு நாற்காலி போடுங்க,” என்றாள்.